பற்று எழுதப்பட்ட கணக்கு: அமெரிக்கக் கல்வி வவுச்சரின் வரலாறு

பொதுப்பள்ளிக்கென ஒதுக்கப்படும் வரிப்பணத்தின் ஒரு பகுதியை, பெற்றோர் தாம் விரும்பும் தனியார் பள்ளிக்குக் கட்டணமாகக் கொண்டுசெல்ல வழிசெய்யும் ஏற்பாட்டை அமெரிக்கர்கள் ‘ஸ்கூல் வவுச்சர்’ என்பர். தமிழ்நாட்டு அலுவலகங்களில் வவுச்சர் என்றவுடன் பணம் பெற்றுக்கொண்டதற்கு ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திடும் தாள்தான் நினைவுக்கு வரும். அங்கேயோ அது பணம் கொடுப்பதாக அரசு முன்கூட்டியே அளிக்கும் உறுதிச்சீட்டு. இந்தச் சீட்டைப் பற்றிய விவாதங்கள் பெற்றோரின் உரிமை, மதச்சார்பின்மை, மாணவரின் தேர்ச்சி ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் நடந்துவந்துள்ளன. பொதுப்பள்ளியின் நிதிநிலையைத் தீர்மானித்ததோ இவற்றைவிட வறண்ட ஒரு கேள்வி: சீட்டுக்குரிய தொகை யாருடைய கணக்கில் பற்று எழுதப்பட்டது, அந்தப் பற்றை யார் ஈடுகட்டினார்கள்? வர்ஜீனியா மாநிலத்தின் ஒரு கவுண்டியும் (மாநிலத்தின் உட்பிரிவான உள்ளாட்சிப் பகுதி) விஸ்கான்சின் மாநிலத்தின் ஒரு நகரமும் இக்கேள்விக்கு அளித்த விடைகளைப் பார்த்தால், வவுச்சரின் வரலாறு ஏறத்தாழ முழுதாகவே கண்முன் வந்துவிடும்.

அதற்குமுன் அமெரிக்கப் பொதுப்பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கே பள்ளிகளை நடத்துவது மாநில அரசின் கல்வித்துறை அன்று. ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் உள்ளூர் அமைப்பே நடத்துகிறது. பெரும்பாலும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று அதற்கு உண்டு. வீடு, நிலம், கடை ஆகியவற்றின் மதிப்பின்மீது விதிக்கப்படும் சொத்துவரியும், மாணவர் எண்ணிக்கையையும் ஊரின் செல்வநிலையையும் பார்த்து மாநில அரசு தரும் உதவித்தொகையும் அதன் இரண்டு பெரும் வருவாய்கள்; வாஷிங்டனிலிருந்து வரும் பங்கு பொதுவாகப் பத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கும். ஆகவே ஒரு மாணவர் பள்ளியை விட்டு வெளியேறும்போது மாநிலக் கருவூலம், ஊரின் வரிசெலுத்துவோர், பள்ளியின் வரவுசெலவு ஆகிய மூன்று இடங்களிலும் கணக்கு அசைகிறது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் வவுச்சரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே எண்களை வைத்துக்கொண்டு எதிரெதிர் முடிவுகளைச் சொல்ல முடிந்தது.

இந்த வழக்கத்தின் மிகப் பழைய வடிவம் எவருடைய கோபத்துக்கும் ஆளாகவில்லை. வெர்மான்ட் மாநிலத்தில் 1869 முதலும் மெய்ன் மாநிலத்தில் 1873 முதலும், உயர்நிலைப்பள்ளி கட்ட வசதியில்லாத சிற்றூர்கள் தம் பிள்ளைகளை அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பி அதற்கான கட்டணத்தைத் தாமே செலுத்திவந்தன. ஊரில் பள்ளியே இல்லாதபோது இழப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஊரில் பள்ளி இருக்கும்போதே இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைத்தவர் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன். 1955-இல் வெளியான ஒரு கட்டுரையில், கல்விக்கு அரசு பணம் தரலாம், பள்ளிகளை அரசே நடத்தவேண்டியதில்லை என்று வாதிட்டு, பெற்றோர் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டால் பள்ளிகள் போட்டியிட்டுத் தரம் உயரும் என்றார். நிறப்பிரிவினையைக் காப்பாற்றத் தென்மாநிலங்கள் இதே யோசனையை முன்வைத்திருப்பதைத் தாம் பிறகே அறிந்ததாக அக்கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில் அவரே எழுதினார். அந்த அடிக்குறிப்பில் இருந்ததுதான் அடுத்த பத்தாண்டு வரலாறு.

வர்ஜீனியாவின் தெற்குப் பகுதியிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைநகர் ஃபார்ம்வில். அங்கே கறுப்பின மாணவர்களுக்கென 1939-இல் கட்டப்பட்ட மோட்டன் உயர்நிலைப்பள்ளியில் 180 பேருக்குத்தான் இடமிருந்தது. 1950 வாக்கில் 400-க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். புதுக்கட்டடம் கட்டுவதற்குப் பதிலாக, மரச்சட்டங்களின்மேல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைக் கவுண்டி நிர்வாகம் எழுப்பிக் கொடுத்தது. குளிர்காலத்தில் நடுவிலிருந்த அடுப்பின் அருகே உட்கார்ந்தவர்கள் வெக்கையில் புழுங்க, ஓரத்தில் இருந்தவர்கள் மேலங்கியைக் கழற்றாமலே பாடம் கேட்டார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகியது. 1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்னும் 16 வயது மாணவியின் தலைமையில் பள்ளி முழுவதும் வேலைநிறுத்தம் செய்தது. அதிலிருந்து பிறந்த வழக்கு, பிரவுன் வழக்கு என்று அறியப்படும் ஐந்து வழக்குகளுள் ஒன்றாகி, பொதுப்பள்ளிகளில் நிறப்பிரிவினை அரசியலமைப்புக்கு மாறானது என்னும் 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் முடிந்தது.

தீர்ப்பை நேரடியாக மீற முடியாது என்று கண்ட வர்ஜீனியா, கருவூலத்தின் வழியே அதை மீற முயன்றது. எல்லா இனத்தவரும் ஒன்றாகப் படிக்கும் பள்ளியை மூடிவிடவும், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான மானியம் வழங்கவும் மாநிலச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1959 ஜனவரியில் நீதிமன்றங்கள் பள்ளிமூடல் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியபின் மற்ற ஊர்கள் பணிந்தன. பிரின்ஸ் எட்வர்ட் பணியவில்லை. அந்த ஆண்டு அதன் மேற்பார்வையாளர் குழு, அதாவது கவுண்டியின் வரிவிதிக்கும் அதிகாரம் படைத்த மன்றம், பொதுப்பள்ளிகளுக்கு ஒரு டாலர்கூட ஒதுக்க மறுத்தது. பள்ளிகளை மூடும்படி யாரும் உத்தரவிடவில்லை. பணம் இல்லாமையால் அவை மூடிக்கொண்டன. வெள்ளையினப் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை தேவாலயங்களிலும் வேறு கட்டடங்களிலும் தனியார் பள்ளிகளைத் தொடங்கி முதல் ஆண்டை நன்கொடையில் ஓட்டியது. 1960-இல் மாநிலம் தொடக்கப்பள்ளி மாணவருக்கு 125 டாலரும் உயர்நிலைப்பள்ளி மாணவருக்கு 150 டாலரும் மானியமாக அறிவிக்க, கவுண்டி தன் பங்குக்கு 100 டாலர் சேர்த்தது. இப்பள்ளிகளுக்கு நன்கொடை தருவோருக்கு அவர்களது சொத்துவரியில் 25 விழுக்காடு வரை கழிவும் தரப்பட்டது. ஆக, பொதுப்பள்ளிக்கு வராமல் நின்ற வரிப்பணமே சுற்றுவழியாகத் தனியார் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

1960-ஆம் ஆண்டு மானியச் சட்டம் எழுத்தளவில் எவரையும் ஒதுக்கவில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். எந்த இனத்துப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் தனியார் பள்ளி ஒன்றுகூட அந்தக் கவுண்டியில் இல்லை. அவர்களுக்கும் தனியே ஒரு பள்ளி அமைத்துத் தருவதாக வெள்ளையினத்தவர் சிலர் முன்வந்தபோது, அதை ஏற்றால் பிரிவினையைத் தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கறுப்பினத்தவர் மறுத்தனர். ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் தேவாலய வகுப்புகளில் எழுதப்படிக்கப் பழகினார்கள், பலர் வயலுக்குப் போனார்கள். வாங்கக் கடையே இல்லாத ஊரில் கொடுக்கப்பட்ட ரேஷன் அட்டை போன்றதாயிற்று அந்தச் சமத்துவம். கென்னடி அரசின் முயற்சியால் 1963 செப்டம்பரில் நன்கொடையில் இயங்கும் இலவசப் பள்ளிகள் திறக்கப்படும்வரை நான்கு ஆண்டுகள் அவர்களுக்கு முறையான பள்ளி இருக்கவில்லை.

1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம், இந்தப் பள்ளிமூடலை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட கிரிஃபின் வழக்கில் அளித்த தீர்ப்பு, பள்ளிகளைத் திறக்கவேண்டும் என்பதோடு நிற்காமல், தேவையானால் வரி விதித்துப் பணம் திரட்டும்படி மேற்பார்வையாளர் குழுவுக்கே கீழ்நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் கூறியது. நோய் எங்கே இருந்தது என்பதை நீதிபதிகள் சரியாகவே கண்டுகொண்டார்கள். இருந்தும் அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவில் குழு கூடி ஏறக்குறைய 1,80,000 டாலரை மானியக் காசோலைகளாக எழுத, தகவல் அறிந்த பெற்றோர் விடிவதற்குள் வந்து வாங்கிச்சென்று வங்கி திறந்ததும் மாற்றிக்கொண்டனர். 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்மானித்து, தொகையை மீட்டுத்தரும் பொறுப்பைக் குழு உறுப்பினர்கள்மீதே சுமத்தியது. வர்ஜீனியாவின் மானிய முறை 1969-இல் முற்றாக ஒழிந்தது. ‘வவுச்சர்’ என்ற சொல்லைக் கேட்டதும் தென்மாநிலக் கறுப்பினத்தவரில் ஒரு தலைமுறை முகம் சுளித்ததற்கு ஃபார்ம்வில் ஒன்றே போதுமான காரணம்.

அரசுப்பணம் தனியார் பள்ளிக்குப் போவது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து வேரூன்றிய உதவிமானிய முறையின் வழிவந்தவையே இன்றைய ‘அரசு உதவிபெறும் பள்ளிகள்’. அங்கே பணம் பள்ளிக்குப் போகிறது, மாணவர் தலையோடு நடப்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிவுற்ற பிரிவினருக்கு ஒதுக்கி, அவர்களுக்கான செலவை அரசு திருப்பித்தர வேண்டும் என்றபோதுதான் வவுச்சரை ஒத்த ஒன்று இங்கே வந்தது. ஆயினும் இந்தியாவில் அந்தத் தொகை பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியின் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. மில்வாக்கியில் அப்படித்தான் கழிக்கப்பட்டது.

மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள தொழில்நகரமான மில்வாக்கியில் வவுச்சர் பிறந்த விதம், வர்ஜீனியாவைத் தலைகீழாகக் கவிழ்த்தது போன்றது. 1976-இல் நிறப்பிரிவினையை நீக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டபின், அதன் சுமையைக் கறுப்பினப் பிள்ளைகளே பேருந்தில் நெடுந்தூரம் சென்று சுமந்தார்கள் என்ற மனக்குறை வளர்ந்தது. 1980-களின் இறுதியில் நகரின் வடபகுதிக்குத் தனிப் பள்ளி மாவட்டமே வேண்டும் என்று சிலர் கேட்டனர். அவர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் பாலி வில்லியம்ஸ், கறுப்பினப் பெண்மணி. அந்தக் கோரிக்கை தோற்றபின் அவர் குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்ப்சனுடன் கைகோத்து 1990-இல் வவுச்சர் சட்டத்தை நிறைவேற்றினார். வறுமைக்கோட்டு வருமானத்தின் 175 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டாத குடும்பங்களுக்கே அது உரியது. மதச்சார்பற்ற பள்ளிகளில் மட்டுமே செல்லும். நகரப் பொதுப்பள்ளி மாணவரில் 1 விழுக்காட்டுக்கு மேல் சேரக்கூடாது. முதல் ஆண்டில் 7 பள்ளிகளில் 341 பேர் சேர்ந்தனர். ஒருவருக்கு 2,446 டாலர். மாநிலம் நகரப் பள்ளி மாவட்டத்துக்கு ஒரு மாணவருக்குத் தந்துவந்த உதவித்தொகையும் அதுவே. ஆகவே அங்கே கழித்து இங்கே கொடுப்பது அன்று இயல்பான கணக்காகத் தோன்றியது.

அந்தக் கணக்கின் உட்பொருளை ஒரு வகுப்பறையை வைத்து விளக்கலாம். விஸ்கான்சினில் செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை அன்று மாணவர்கள் தலை எண்ணப்படுகிறார்கள். அன்றைய எண்ணிக்கையைக் கொண்டே பள்ளியின் வருவாய் அமைகிறது. 25 பேர் இருந்த வகுப்பில் இருவர் வவுச்சருடன் வெளியேறியதாகக் கொண்டால், வருவாயில் இரண்டு தலைக்குரிய தொகை குறையும். ஆனால் மீதி 23 பேருக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும், ஜனவரிக் குளிரில் கொதிகலன் அதே எரிபொருளைத்தான் தின்னும், பேருந்து அதே தெருக்களில்தான் சுற்றிவரும். வெளியேறுபவர்கள் ஒரே வகுப்பிலிருந்து மொத்தமாகப் போனால் ஒரு பிரிவை மூடிச் செலவைக் குறைக்கலாம்; பல பள்ளிகளில், பல வகுப்புகளில் ஒருவர் இருவராகச் சிதறிப் போகும்போது வருவாய் உடனே குறைய, செலவு மெல்லவே குறைகிறது. இந்த அதிர்ச்சியைத் தணிக்க மாநிலம் மூன்றாண்டுச் சராசரியைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அது வலியைப் பரப்புமேயன்றிப் போக்காது.

மாநில உதவி கழிக்கப்பட்டதால் மட்டும் மில்வாக்கிப் பள்ளிகளின் வருவாய் அதே அளவுக்குச் சரிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1993-94 முதல் விஸ்கான்சினில் ‘வருவாய் வரம்பு’ என்னும் விதி நடைமுறையில் உள்ளது. ஒரு மாவட்டம் மாநில உதவி, சொத்துவரி இரண்டையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவுதான் திரட்டலாம் என்பது அதன் சாரம். மாநில உதவி குறைந்தால், அந்த வரம்புக்குள் சொத்துவரியை உயர்த்தி இடைவெளியை நிரப்பிக்கொள்ள விதி இடம் தந்தது, மில்வாக்கியும் நிரப்பிக்கொண்டது. விளைவாக, தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கான தொகையின் ஒரு பகுதியை அந்நகரத்து வீட்டுக்காரர் தம் சொத்துவரிச் சீட்டில் ‘பள்ளி மாவட்டம்’ என்ற வரியின்கீழ் செலுத்தினார். பொதுப்பள்ளிக்கு ஒரு சென்டும் கூடாமலே பொதுப்பள்ளி வரி கூடியது; வரி ஏறியதற்கான பழியும் பொதுப்பள்ளிக்கே வந்தது. வவுச்சர் செய்த தீங்குகளில் எண்களில் பிடிபடாத இதுவே கொடியது எனலாம்.

திட்டம் சிறியதாக இருந்தவரை இவையெல்லாம் சில்லறைக் கணக்காகவே இருந்தன. 1995-இல் சமயப் பள்ளிகளையும் சேர்த்துச் சட்டம் விரிவாக்கப்பட்டு, 1998 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபின், 1,500 அளவில் இருந்த எண்ணிக்கை ஒரே ஆண்டில் 6,000-ஐ எட்டியது. வந்தவர்கள் எல்லாரும் பொதுப்பள்ளியை விட்டு வந்தவர்கள் அல்லர். கத்தோலிக்க, லூத்தரன் பள்ளிகளில் ஏற்கெனவே சம்பளம் கட்டிப் படித்துக்கொண்டிருந்த ஏழைப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். பொதுப்பள்ளியிலிருந்து விலகும் பிள்ளையால் எங்கோ ஒரு செலவு என்றாவது குறையும். அங்கே எப்போதும் இல்லாத பிள்ளைக்குத் தரப்படும் சீட்டால் எந்தச் செலவும் குறைவதில்லை, அது முழுக்கவே புதுச்செலவு. வவுச்சரால் அரசுக்குச் சேமிப்பு என்ற வாதம் எத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் கேட்காமலே சொல்லப்பட்டுவந்துள்ளது.

பற்றை யார் தலையில் எழுதுவது என்ற இழுபறி அதன்பின் தொடங்கியது. 1999-இல் சட்டமன்றம் செலவில் பாதியை மில்வாக்கியின் உதவித்தொகையிலிருந்தும் மறுபாதியை மாநிலத்தின் மற்ற 400-க்கும் மேற்பட்ட மாவட்டங்களின் உதவியிலிருந்தும் கழித்தது. தம் ஊரில் ஒரு வவுச்சர் மாணவரும் இல்லாத மாவட்டங்கள் கொதித்தெழ, இரண்டே ஆண்டுகளில் அது கைவிடப்பட்டு, 55 விழுக்காட்டை மாநிலப் பொதுநிதியும் 45 விழுக்காட்டை மில்வாக்கியும் ஏற்கும் முறை வந்தது. மற்ற ஊர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்க மறுத்ததை மில்வாக்கி ஒன்பது ஆண்டுகள் தனியே தாங்கியிருந்தது. பிறகு அந்தப் பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் ஆண்டுக்கு 3.2 விழுக்காட்டுப் புள்ளிகள் வீதம் தேய்ந்துகொண்டே வரும்படி சட்டம் செய்யப்பட்டது.

இதற்கிடையே திட்டத்தின் உருவமே மாறிவிட்டது. 2011-இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் காலத்தில் மாணவர் உச்சவரம்பு நீக்கப்பட்டு, வருமான வரம்பு வறுமைக்கோட்டின் 300 விழுக்காடாக உயர்ந்தது. ரசீன் நகரமும் சேர்க்கப்பட்டது. ஏழைகளுக்காகத் தாம் உருவாக்கியதை வசதியுள்ளவர்களுக்குத் திறந்துவிடுவதைப் பாலி வில்லியம்ஸ் வெளிப்படையாக எதிர்த்தார். 2014-இல் அவர் காலமானபோது திட்டம் அவர் கைக்கு எட்டாத தொலைவுக்குப் போயிருந்தது. 2013-இல் மாநிலம் முழுமைக்குமான வவுச்சர் தொடங்கியது; அதில் சேர்ந்தவர்களில் பெரும்பான்மையினர் முந்தைய ஆண்டே தனியார் பள்ளியில் இருந்தவர்கள். 2015-க்குப்பின் இதில் புதிதாகச் சேரும் மாணவருக்கான தொகை முழுவதும் அவர் வசிக்கும் மாவட்டத்தின் மாநில உதவியிலிருந்து கழிக்கப்பட்டது, மாவட்டம் அதே அளவுக்குச் சொத்துவரியை உயர்த்திக்கொள்ள அனுமதியும் தரப்பட்டது. மில்வாக்கியில் பிழை என்று ஒப்புக்கொண்டு மெல்லத் திருத்தப்பட்டுவந்த முறை, மற்ற ஊர்களுக்குப் புதிதாக எழுதிக்கொடுக்கப்பட்டது. 2023-24-இல் ஒரு வவுச்சரின் மதிப்பு எட்டாம் வகுப்பு வரை 9,893 டாலர், அதற்குமேல் 12,387 டாலர். சொத்து மதிப்பு மிகுந்த ஊர்களுக்கு மாநிலம் தலைக்குத் தரும் உதவி இதைவிட வெகுவாகக் குறைவு, கழிக்கப்படுவதோ முழுத்தொகை.

மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டின. ஒஹாயோ நெடுங்காலம் மாவட்ட உதவியிலிருந்து கழித்துவந்து, 2021-இல் மாநிலமே நேரடியாகச் செலுத்தும் முறைக்கு மாறியது. 2022-இல் வருமான வரம்பே இல்லாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும், வவுச்சரை ஒத்த கல்விக்கணக்கைத் திறந்துவிட்ட அரிசோனாவில், தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் பொதுப்பள்ளியில் படித்திராதவர்களே. மாநிலமே செலுத்தினால் பொதுப்பள்ளிக்குப் பாதிப்பில்லை என்பாரும் உண்டு. மாநிலக் கருவூலமும் ஒரே பானைதான். ஓர் அகப்பை கூடுதலாக எடுக்கப்பட்டால், அடுத்த ஆண்டுப் பந்தியில் அது எங்கோ தெரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் குறை சட்டமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வரும் குறை. பெயர் குறிப்பிட்டு யாரையும் கேள்வி கேட்கலாம். மாவட்டக் கணக்கில் கழிக்கப்பட்டு வீட்டுவரியில் ஏறும் குறைக்கு அத்தகைய முகம் இல்லை.

2024 ஏப்ரலில் மில்வாக்கி மாவட்டம் வருவாய் வரம்பைத் தாண்டி ஆண்டுக்கு 252 மில்லியன் டாலர் வரை திரட்ட அனுமதி கோரி வாக்காளர்களிடம் சென்று, மிகச் சிறிய வித்தியாசத்தில் வென்றது. அந்த நகரத்தில் அப்போது ஏறத்தாழ 29,000 பேர் வவுச்சரில் படித்துக்கொண்டிருந்தனர். 1990-இல் 341 பேருக்காக மில்வாக்கியின் பெயரில் தொடங்கிய பற்று 2024-25 கல்வியாண்டில் பூச்சியமாயிற்று. மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கு அது தொடர்கிறது. ஒரு மாவட்டத்தின் மாணவரில் இத்தனை விழுக்காட்டினரே வவுச்சரில் சேரலாம் என்று அவ்வூர்களுக்கு இருந்த உச்சவரம்பு 2026-27 கல்வியாண்டிலிருந்து நீங்குவதாக மாநிலச் சட்டம் கூறுகிறது.